அவள் விட்டுப்போன இடம்

மனிதரைக் கட்டிப்போடும் குணங்கள் நான்கு என்று சமணம் சொல்கிறது. கோபம், கர்வம், வஞ்சகம், பேராசை. முதல்முறை வகுப்பில் கேட்டபோது விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். பொறாமை அந்த நான்கில் இல்லை. அப்பாடா, நமக்கென்று ஒன்றை விட்டுவைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துத்தான் அப்படி நினைத்தேன். நான் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்க, அவள் பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை. அவளுக்கு எதற்கு? பால் குடிக்கிற வயதிலிருந்து வீட்டில் கேட்டு வளர்ந்த சங்கதி.

நான் வளர்ந்தது பழவேற்காட்டு ஏரிக்கரையில். தோணிரேவு கிராமத்தை ஒட்டிய மீன்பிடி ஊர். நைனாவும் அண்ணனும் ஏரியில் வலை போடுவார்கள். அம்மா இறாலையும் நண்டையும் கூடையில் அள்ளிக்கொண்டு பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போவாள். பொன்னேரியிலேயே வரலாறு பி.ஏ. முடித்துவிட்டு, சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் சமணவியல் எம்.ஏ. சேர்ந்தேன். ஆசைப்பட்டெல்லாம் சேரவில்லை. வரலாற்றுத் துறையில் இடம் கிடைக்கவில்லை, இந்தத் துறையில் ஆளே கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அம்மாவிடம் சொன்னபோது, "அது இன்னா படிப்பு?" என்றாள்.

"ஒரு உசுரையும் கொல்லக் கூடாதுன்ற மதம்மா. அத்தப் பத்தின படிப்பு."

அம்மா அப்போது இறால் கூடைக்கு ஐஸ் கட்டியை உடைத்துக்கொண்டிருந்தாள். "ஷோக்காக் கீதுடி. நம்ப வூட்டுக்குன்னே கண்டுபுடிச்சாமாரி கீது," என்று சொல்லிவிட்டு இன்னும் ஓங்கி உடைத்தாள்.

சேர்ந்த பிறகு அந்தப் படிப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. வினை என்பது கண்ணுக்குத் தெரியாத தூசு, அது ஈரமான உயிர்மேல் வந்து ஒட்டிக்கொள்ளும் என்று துறைத்தலைவர் மேடம் விளக்கிய நாளில், எனக்கு ஏரியில் இறங்கிக் கரையேறிய பிறகு காலில் காய்ந்துபோகும் உப்புதான் ஞாபகம் வந்தது. சொறிந்தால் போகாது, நல்ல தண்ணீர் ஊற்றித்தான் கழுவ வேண்டும். அதை எழுந்து சொல்லிவிடலாமா என்று வாயெடுப்பதற்குள் மேடம் அவளைப் பார்த்து, "உங்க வீட்டுல இதை எப்படிச் சொல்லுவாங்கம்மா?" என்று கேட்டுவிட்டார். எப்போதும் இதுதான் கதை. என்னிடம் கேட்டால் அது பாடத்திலிருந்து கேள்வி. அவளிடம் கேட்டால் வீட்டிலிருந்து. என் வீட்டில் எப்படிச் சொல்லுவார்கள் என்று யாரும் ஒருநாளும் கேட்டதில்லை.

அவள் சவுகார்பேட்டையில் துணி மொத்த வியாபாரம் செய்கிற சமணக் குடும்பம். தாத்தா காலத்தில் ராஜஸ்தானிலிருந்து வந்தவர்கள். ஆனால் அவள் பேசுகிற தமிழ் பக்கா சென்னைத் தமிழ். அழகி. கெட்டிக்காரி. எல்லாவற்றையும்விடக் கொடுமை, நல்லவள். தன் புத்தகத்தைக் கேட்காமலே தருவாள், ரயில் தாமதமானால் எனக்காக வாசலிலேயே நிற்பாள். மனசாரத் திட்டக்கூட ஒரு குறை வேண்டாமா? தேடித் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. அந்த எரிச்சல் வேறு.

உலக மதங்கள் என்று எங்களுக்கு ஒரு தாள் உண்டு. தடிப் புத்தகம். பெரிய மதங்களுக்கெல்லாம் நீண்ட நீண்ட அத்தியாயங்கள், சமணத்துக்கு மட்டும் போகிற போக்கில் சில பக்கம். அதிலும் வாய்க்குத் துணி கட்டிய துறவி, மயிற்பீலி, உண்ணா நோன்பு. வீடு வாசலோடு கடை வைத்துப் பிழைக்கிற சமணர் யாரும் அதில் இல்லை. ஏன் இப்படி எழுதுகிறார்கள், துறவியை முன்னால் நிறுத்திக் குடும்பஸ்தனை ஏன் பின்னால் ஒளித்துவைக்கிறார்கள் என்பதைத்தான் முனைவர் பட்டத்துக்கு ஆராய வேண்டும் என்று முடிவு செய்தேன். எங்கள் துறையில் அந்த வருடம் உதவித்தொகையோடு இருந்தது ஒரே ஒரு ஆராய்ச்சி இடம். அது கிடைத்தால் விடுதியில் அறை, நூலகம், படிப்பு. கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்பி இறால் கம்பெனியில் பில் போட வேண்டியதுதான். ராத்திரி பகல் அந்த இடம்தான் என் கண்ணுக்குள் நின்றது. அவளும் அதற்கு மனுப்போட்டிருந்தாள்.

தேர்வு நேர்காணலுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "உங்க ஊரைப் பாக்கணும்," என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தாள். அம்மா முதல்நாளே வாசலெல்லாம் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, மீன் வாடையே இல்லாமல் செய்திருந்தாள். நான் இத்தனை வருடம் அந்த வாடையோடுதான் ரயிலேறிப் போய் வந்தேன். எனக்காக ஒரு சிட்டிகை பிளீச்சிங் பவுடர் செலவானதில்லை.

அவள் கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரையும் சாப்பாட்டையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். அம்மா கொடுத்ததில் நுங்கை மட்டும் வாங்கிக்கொண்டாள். நடக்கும்போது தரையைப் பார்த்துப் பார்த்து நடந்தாள். அம்மா என் காதில், "பாருடி. எறும்பக்கூட மிதிக்காம நடக்குது அந்தப் பொண்ணு. நீ கீறியே, தடதடன்னு," என்றாள். படித்தது நான். ராப்பகலாக மனப்பாடம் செய்தது நான். பெயர் அவளுக்கு.

அண்ணன் எங்களைப் படகில் கூட்டிக்கொண்டு போனான். ஒரு பக்கம் வலை கட்டியிருந்தது, ஆட்கள் இருந்தார்கள். சற்றுத் தள்ளி இன்னொரு இடம், நல்ல இடம், மடவை மீன் துள்ளிக்கொண்டிருந்தது, வலையே இல்லை. "இங்க ஏன் யாருமே இல்ல?" என்று கேட்டாள்.

"அது இன்னிக்கி வேற ஆளோட பாடு," என்றேன். எங்கள் ஏரியில் யாரும் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. ஊர்கூடிக் குலுக்கல் போட்டு, இன்ன நாளில் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறை வைத்திருப்பார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. "அவரு வூட்ல சாவு. வரல."

"அப்ப வேற யாராச்சும் போட்டுக்கலாம்ல?"

"போடக் கூடாது."

"அவரே உங்க அண்ணனுக்குக் குடுத்தா?"

அண்ணன் துடுப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தான். "குடுக்க முடியாதும்மா. பாடு அவன்துதான். ஆனா குடுக்குறதுக்கு அவன்து இல்ல. அவன் வரலன்னா அந்த எடம் இன்னிக்கி சும்மாக் கெடக்கும். அதான் ஊர்க்கட்டு."

அவள் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. இதில் அழ என்ன இருக்கிறது? நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற தண்ணீர்.

அடுத்த வாரம் துறைக் கருத்தரங்கில் புரிந்தது. அவள் எழுந்து கட்டுரை படித்தாள். எது உலக மதம், தலை எண்ணிச் சொல்வதா, எத்தனை நாட்டில் இருக்கிறது என்று சொல்வதா என்று ஆரம்பித்தாள். பொருளை வைத்திருப்பது உடைமை அல்ல, அதன்மேல் வைக்கிற பற்றுதான் உடைமை என்று சமணம் சொல்வதை விளக்கினாள். பிறகு, "என் தோழியின் ஊரில் ஓர் ஏரி இருக்கிறது," என்றாள். மடவை துள்ளியது, வலை இல்லாத இடம், அண்ணன் சொன்ன வார்த்தை, ஒன்றுவிடாமல் சொன்னாள். அரங்கமே கைதட்டியது. மேடம் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டார். தேநீர் இடைவேளையில் இரண்டு பேர் என்னிடம், "உங்க ஊரா அது? பிரமாதம்!" என்றார்கள். அடிக்குறிப்பாகிவிட்டேன்.

வயிறு பற்றி எரிந்தது. ஏரி என்னுடையது, அண்ணன் என்னுடையவன், பாடு எங்களுடையது. அதுமட்டுமல்ல, அவள் சொன்னது தப்பு. பாடு துறவும் இல்லை, விரதமும் இல்லை. வெட்டுக்குத்து வரக் கூடாதென்று எங்கள் ஆட்கள் கட்டிவைத்த கட்டு அது. மீறினால் ஊர் பேசாது, அபராதம் போடும். ஒருத்தனும் அந்த மீன்மேல் ஆசையை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இதை நான் எழுந்து சொல்லியிருக்கலாம். எழுந்தால் குரலிலேயே என் காந்தல் தெரிந்துவிடும் என்று பிஸ்கட்டைத் தின்றுகொண்டு கம்மென்று இருந்துவிட்டேன்.

இடம் அவளுக்குத்தான் கிடைத்தது. நான் அடுத்த ஆள். "நீயும் நல்லாத்தான் பண்ணே, கொஞ்சத்துல போயிடுச்சு," என்று மேடம் தட்டிக்கொடுத்தார். கும்மிடிப்பூண்டி ரயிலில் பெண்கள் பெட்டியில் உட்கார்ந்து, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதேன். எதிரே பூக் கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா, "வூட்டுக்காரனா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டிவைத்தேன். ஆராய்ச்சி இடம் என்று எங்கே விளக்குவது?

சேர வேண்டிய வாரத்தில் அவள் என்னைக் கேன்டீனுக்குக் கூப்பிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நான் சேரப்போறது இல்ல. தீட்சை எடுத்துக்கப்போறேன். வீட்டுல ஒத்துக்கிட்டாங்க."

துறவி ஆகப்போகிறாள். கடை, வீடு, பட்டுப்புடவை, படிப்பு, பெயர்கூட, எல்லாம் போய்விடும். இனி வெறும் காலோடு ஊர் ஊராக நடை.

"அந்த எடம் இனிமே உனக்குதான் வரும்," என்று என் கையைப் பிடித்தாள். "நானே உனக்குக் குடுத்ததா வச்சுக்கோயேன்."

அன்பாகத்தான் சொன்னாள், தெரியும். ஆனால் அந்த வார்த்தை முள்ளாகத் தைத்தது. படகில் உட்கார்ந்துகொண்டு அத்தனை கேட்டாளே, அழுதாளே, மேடையேறிக் கைதட்டல் வாங்கினாளே! குடுக்குறதுக்கு அவன்து இல்ல என்று அண்ணன் சொன்னது அவள் கட்டுரைக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

மேடம் மறுநாளே கூப்பிட்டனுப்பினார். "உனக்கு அதிர்ஷ்டம்மா. சர்டிபிகேட் எல்லாம் எடுத்துட்டு நாளைக்கே வந்து சேர்ந்துடு."

"வேணாம் மேடம்," என்றேன்.

"என்னது?"

"அது அவளோட பாடு மேடம். அவ வரலன்னா அந்த எடம் இந்த வருசம் சும்மாதான் இருக்கணும். அடுத்த வருசம் திரும்ப எடுப்பீங்க இல்ல, அப்ப என் முறைக்கு நான் வரேன்."

மேடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "காய்ச்சல் ஏதாவது அடிக்குதா?" என்று மெய்யாலுமே கேட்டார். ரொம்ப நேரம் எடுத்துச் சொன்னார். நான் பிடித்த பிடியில் நின்றேன்.

இதைப் பெருந்தன்மை என்று யாரும் எழுதிவிட வேண்டாம். அவள் எச்சிலை நான் ஏன் தின்ன வேண்டும் என்கிற வயிற்றெரிச்சல்தான் அது. ஆனால் என் வாயில் வந்தது பாடு முறையின் நியாயம். அதையும் நான் நம்பித்தான் சொன்னேன். இடத்துக்குரியவள் வராவிட்டால் நாற்காலி சும்மா கிடக்கும், அந்தப் பக்கம் யாரும் போகமாட்டார்கள் என்று எனக்குச் சத்தியமாகத் தோன்றியது. தண்ணீரில் அப்படித்தானே பார்த்திருக்கிறேன். திங்கட்கிழமை நூலகத்தில் புத்தகம் திருப்பிக் கொடுக்கப் போனபோது, பட்டியலில் மூன்றாவதாக இருந்த பையன் அந்த இடத்தில் சேர்ந்துவிட்டுத் துறை முழுக்க மைசூர்பாகு கொடுத்துக்கொண்டிருந்தான். எனக்கும் ஒரு துண்டு நீட்டினான்.

வீட்டில் சொன்னேன். அம்மா கூடையைக் கீழே வைத்தாள்.

"இன்னாடி சொன்னே? பாடா? பாடே இல்லாத பொட்டச்சிக்குப் பாடு நாயம் எதுக்குடி? உங்க நைனாவுக்குப் பாடு கீது. உங்க அண்ணனுக்குப் பாடு கீது. எனக்குக் கீதா? உனக்குக் கீதா? நமக்கு எவன்டி இந்த ஏரில எடம் வுட்டு வச்சான்? தானா வந்து வாசல்ல நின்னுச்சி. அத்தப் போய், வேணாம்னுட்டு வந்து நிக்கிறியே!"

நைனா மெதுவாக, "பொண்ணு கரீட்டாதான் சொல்லிக்கீது," என்றார். அம்மா கையில் கிடைத்த சொம்பை அவர்மேல் வீசினாள். அவர் குனிந்துகொண்டதால் அது சுவரில் பட்டு உருண்டது. பிறகு அம்மா உட்கார்ந்து, தலையில் கைவைத்துக்கொண்டு அழுதாள். நான் படிப்பில் என்ன செய்கிறேன் என்று அவள் கவனித்திருக்கிறாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அம்மா சொன்னதுதான் சரி. பெண்களுக்கு எங்கள் ஏரியில் பாடு கிடையாது. குலுக்கலில் எங்கள் பெயர் ஏறாது. எனக்கு இல்லாத ஒரு சட்டத்தை நான் தலைமேல் தூக்கிக்கொண்டு போய்ச் சென்னையில் இறக்கிவைத்திருக்கிறேன்.

தீட்சைக்கு அழைப்பு வந்தது. போகக் கூடாது என்றுதான் இருந்தேன், கால் நிற்கவில்லை. சவுகார்பேட்டைத் தெருவில் ஊர்வலம். பேண்டு வாத்தியம், குதிரை, பூ ஜோடித்த ரதம். அதன்மேல் அவள், கல்யாணப் பெண் மாதிரி பட்டும் நகையுமாக. துறக்கப்போகிறவள் தன்னுடையதையெல்லாம் வாரி இறைத்துக்கொண்டே போக வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அரிசி, நாணயம், துணி என்று இரண்டு கையாலும் அள்ளி வீசினாள். கூட்டம் முட்டி மோதிக்கொண்டு பிடித்தது. என் பக்கத்தில் நின்ற அம்மாள் பிடித்த நாணயத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஐயோ, விட்டுவிடுவதில்கூட இத்தனை ஜோரா! விடுவதற்கு அவளிடம் எவ்வளவு இருக்கிறது! நானும்தான் ஒன்றை விட்டேன். என்னிடம் இருந்த ஒரே ஒன்று, அதுவும் கைக்கு வருவதற்கு முன்னாலேயே விட்டேன். எனக்கு ஒரு தவில் உண்டா, ஒரு பூ உண்டா? சொம்புதான் பறந்தது.

ஒரு வாரம் கழித்து, சாத்விகள் என்கிற பெண் துறவிகள் தங்கும் மண்டபத்துக்குப் போனேன். அவள் வெள்ளைத் துணியில், மழித்த தலையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பூச்சிகளை ஒதுக்குகிற கம்பளித் துடைப்பம். அவளைப் பெற்ற தாயே அவளை விழுந்து கும்பிட்டுவிட்டு எழுந்து போனார். நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்தேன். கும்பிடவில்லை.

"வந்துட்டியா!" என்றாள். பழைய சிரிப்பு. "சேந்துட்டல்ல? டாபிக் குடுத்துட்டாங்களா?"

"சேரல."

"ஏன்?"

"நீ வரல. அதனால அந்த எடம் சும்மாதான் கெடக்கணும்னு சொல்லிட்டு வந்துட்டேன்," என்றேன். "ஆனா அது சும்மாக் கெடக்கல. வேற ஒருத்தன் ஒக்காந்துட்டான்."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. படகில் பார்த்தாளே, அதே மாதிரி என்னைப் பார்த்தாள்.

"யாருக்குத் தெரியும் இது?"

"மேடத்துக்கும் எங்க வூட்லயும் தெரியும். எங்கம்மா திட்டிக்கினே கீது."

"வேற யாருக்கும் தெரியாதா?"

"யாருக்குத் தெரியணும்?"

அவள் மெதுவாகச் சொன்னாள். "நான் விட்டப்போ தெருவே நின்னு பாத்துச்சு. பேண்டு வாசிச்சாங்க, போட்டோ எடுத்தாங்க. எனக்கு அது புடிச்சிருந்துச்சு, தெரியுமா? நீ விட்டப்போ யாருமே பாக்கல இல்ல?"

அப்போது அவள் கண்ணில் ஒன்று வந்தது. எனக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எம்.ஏ. முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்த பார்வை அது. என் முகத்திலிருந்து கழன்று அவள் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு என்மேல் பொறாமை. எனக்கு எழுந்து கத்த வேண்டும்போல இருந்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. ஆராய்ச்சி இடம் போனால் போகட்டும், மைசூர்பாகு தின்றவன் நன்றாக இருக்கட்டும் என்று தோன்றியது.

ஆனால் அது நிலைக்கவில்லை. அவள் உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். துடைப்பத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இன்னைக்குச் சாயங்காலம் பிரதிக்கிரமணத்துல இதையும் சொல்லிடணும்," என்றாள். முகம் தெளிந்துவிட்டது. அது என்ன என்று எனக்குத் தெரியும், தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பொழுது சாய்ந்ததும் அன்றைக்குச் செய்த குற்றத்தையெல்லாம், நினைத்ததையும் சேர்த்து, ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லி அதிலிருந்து திரும்பி வருகிற சடங்கு.

இப்போது நான் பொன்னேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். அடுத்த வருடம் அந்த இடத்துக்கு உதவித்தொகை வரவில்லை, அதற்கடுத்த வருடமும் வரவில்லை, என் முறையும் வரவில்லை. உலக மதங்கள் பாடம் வரும்போது அதே சில பக்கங்களை நடத்துகிறேன், அந்த நான்கு குணங்களையும் பலகையில் எழுதிப்போடுகிறேன். அவள் எந்த ஊர்ச் சாலையில் நடந்துகொண்டிருக்கிறாளோ தெரியாது.

அன்றைக்கு மண்டபத்திலிருந்து கிளம்பிக் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்தேன். மீஞ்சூர் தாண்டும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இந்நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பாள். ஒரே ஒரு நாள் வந்த பொறாமை, அதையும் இருட்டுவதற்குள் இறக்கிவைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்துவிடுவாள். நான் இத்தனை காலமாகச் சுமக்கிறதை எங்கே போய் இறக்குவது, யாரிடம் சொல்வது? பொன்னேரியில் இறங்கும்போது, அதற்கும் சேர்த்து அவள்மேல் வயிறு எரிந்தது.